லிந்துலையின் ஏழாவது மருமகள்

2025 ஜனவரி 18, சனிக்கிழமை, காலை 9.10. பதுளை செல்லும் ரயில் பேராதனைச் சந்தி நிலையத்துக்குள் வந்து நின்றது. சீட்டுகள் என் கையில் இருந்தன. பைகள் இரண்டும் தர்ஷினியின் தோளில். என் பையை நானே தூக்குவேன் என்று வாதாட நேரமில்லை.

தர்ஷினி பல்கலைக்கழக விடுதியில் என் அறைத் தோழி. லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பரீட்சை காரணமாகப் பொங்கலுக்கு வீடு செல்லாதவள், அதற்கடுத்த ஞாயிறு மட்டும் எப்படியும் அங்கே இருந்தாக வேண்டும் என்றாள். அன்று அவர்கள் தோட்டத்தில் பெண்களின் வலைப்பந்தாட்டம். அங்கேயே பிறந்தவர்கள் ஓர் அணி. அங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் மறு அணி. மகள்களும் மருமகள்களும். "நீ வந்து பாக்கணும்" என்று அழைத்தாள். வருகிறேன் என்றேன். பார்ப்பதற்கு மட்டுமே வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் வாசகருக்கு ஒரு விவரம் சொல்லியாக வேண்டும். இருபத்தொரு வயதில் எனக்கு முடக்குவாதம் என்று உறுதியானது. முதுமையில் மூட்டுத் தேயும் நோயன்று இது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளின் உட்சவ்வைப் பகையென்று கருதித் தாக்குவது. காலையில் விரல்கள் ஏறத்தாழ ஒரு மணி நேரம் மடங்க மறுக்கும். செவ்வாய் இரவுகளில் மஞ்சள் மாத்திரைகள், புதன்கிழமைகளில் குமட்டல். நோயின் பெயரைக் கேட்டவுடன் எல்லோரும் எனக்கு ஒரு நாற்காலி தேடுகிறார்கள். கிளினிக் டொக்டரோ ஒவ்வொரு முறையும் அசையச் சொல்கிறார். ஓய்வில் இறுகி, இயக்கத்தில் இளகும் நோய் இது என்பதை என் வீட்டாருக்கே இன்னும் என்னால் நம்பவைக்க முடியவில்லை.

திருகோணமலையில் பாடசாலை நாட்களில் என் அணியின் சென்டர் நான். ஆடுகளத்தின் முழு நீளமும் ஓடுகிறவள். நோய் தெரிந்த பிறகு நடந்திருக்கிறேன், கடலில் நீந்தியிருக்கிறேன், பந்தைத் தொட்டதில்லை. அண்மையில் மருந்து பிடித்து மூட்டுகள் தணிந்தன. கடைசிக் கிளினிக்கில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "வீங்கியிருக்கும் நாளில் வேண்டாம். மற்ற நாளில் விளையாடுங்கள். முடித்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் மூட்டு வலித்தாலோ, மறுநாள் காலை விறைப்பு வழக்கத்தைவிட நீண்டாலோ, அளவு மீறிவிட்டீர்கள் என்று அறிந்துகொள்ளுங்கள்" என்றார் டொக்டர். இனி ஒருபோதும் ஆட முடியாதா என்ற கேள்வியோடு கிளினிக்குக்குள் சென்ற நான், எந்த நாளில் ஆடுவது என்ற கேள்வியோடு வெளியே வந்தேன். அந்தக் கேள்வியோடுதான் ரயிலும் ஏறினேன்.

இருக்கை கிடைத்தும் நான் கதவருகே நின்றேன். கம்பளையில் ஏறிய ஓர் அம்மா, மடியில் முருங்கைக்காய்க் கட்டுடன், என்னையும் காலியாக இருந்த என் இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, எடம் சும்மாத்தான கெடக்கு. ஒக்காரேன்."

"பரவாயில்லையம்மா. நிற்கிறேன்."

"அது சரி. வயசுப் புள்ளைங்களுக்குக் கதவுல தொங்குனாத்தான் ரயிலு" என்றவர், காய்க்கட்டைத் தூக்கி என் இருக்கையில் சௌகரியமாகப் படுக்க வைத்தார்.

நாவலப்பிட்டி தாண்டியதும் எஞ்சினின் ஓசை கனத்தது. அதுவரை தட்டையாக ஓடிய ரயில் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறத் தொடங்கியது. வளைவுகளில் நம் ரயிலின் தலையை நாமே பார்க்கலாம். வட்டவளையில் காற்று மாறியது. கழுத்துத் துணியை எடுத்துச் சுற்றிக்கொண்டேன். கடலோரத்தில் வளர்ந்தவளுக்கு எல்லாத் திசையும் ஒரே உயரம். இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மேல், ஒரு கீழ். தண்ணீர் எடுப்பவரும் பள்ளி செல்பவரும் கடைக்குப் போகிறவரும் ஏறியோ இறங்கியோதான் ஆக வேண்டும். எனக்கு அது அச்சம் தரவில்லை. ஆசையாக இருந்தது.

ஹட்டனில் இறங்கும்போது நண்பகல் ஆகப் பத்து நிமிடம் இருந்தது. தோட்டத்துப் பழைய பந்து பொங்கலன்றே வெடித்துவிட்டதால் புதியது வாங்கும் பொறுப்பு தர்ஷினிக்கு. கடைத்தெருவில் பாதணிகளோடு விளையாட்டுப் பொருள்களும் விற்கும் கடையொன்றில் நுழைந்தோம். ஐந்தாம் இலக்கப் பந்து, இரண்டாயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய்.

"யாரு கட்சிக்கும்மா வாங்குறீங்க? மகளா, மருமகளா?" என்றார் கடைக்காரர். இந்த ஆட்டத்தின் புகழ் இருபத்தைந்து கிலோமீற்றர் கடந்து வந்திருக்கிறது.

"மகள்தாங்க" என்றாள் தர்ஷினி.

"அப்ப காத்தக் கொஞ்சம் கொறச்சே அடிக்கிறேன். எங்க வீட்டுக்காரி மருமகக் கட்சி."

லிந்துலை வரை பஸ் கட்டணம் ஆளுக்கு நூற்றிருபது ரூபாய். தலவாக்கலைக்கு முன்னால் டெவோன் அருவியும், அதையடுத்துச் சென் கிளேயர் அருவியும் ஜன்னலில் வந்து போயின. தர்ஷினி காட்டிய திசையில் பார்த்துத் தலையாட்டினேன். உண்மையில் என் கவனம் மடியிலிருந்த பந்தில் இருந்தது. புதுத் தோலின் நெடி. புள்ளி புள்ளியான சொரசொரப்பு. இரண்டு கைகளாலும் அழுத்தினேன். விரல்கள் ஒத்துழைத்தன. மணிக்கட்டு மெல்ல முனகியது, ஆனால் தடுக்கவில்லை. பஸ்ஸில் எவரும் அறியாமல் பந்தைச் சிறிது தூக்கிப் போட்டுப் பிடித்தேன். மறுபடி. மூன்றாம் முறை அது எகிறி நடத்துநரின் முதுகில் பட்டது.

லிந்துலைச் சந்தியில் ஓட்டோ ஒன்று காத்திருந்தது. தர்ஷினியின் அம்மா அனுப்பியது. தோட்டத்துப் பாதை மூன்று கிலோமீற்றர். நான் நடப்பதற்கென்றே தடித்த அடியுள்ள சப்பாத்து அணிந்து வந்திருந்தேன்.

"நோயாளிப் புள்ள வருது, குலுங்காமக் கூட்டிட்டு வான்னு பாக்கியக்கா சொல்லியிருக்கு" என்றார் ஓட்டுநர். ஒவ்வொரு குழியிலும் வண்டியை நிறுத்தி, "புடிச்சுக்குங்க, புடிச்சுக்குங்க" என்று எச்சரித்து, பிறகே இறங்கினார். கொழுந்துக் கூடையுடன் மேலே ஏறிக்கொண்டிருந்த இரு பெண்கள் எங்களை முந்திச் சென்றார்கள்.

தர்ஷினியின் அம்மா பாக்கியம் வாசலிலேயே நின்றிருந்தார். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். அடுத்தடுத்த வீடுகள் ஒரே கூரையின் கீழ் நீண்டு செல்லும் லயத்தில் அவர்களுடையது நான்காவது. வீட்டில் இருந்த நல்ல நாற்காலி அடுப்பங்கரையில் தணலுக்கு அருகே போடப்பட்டிருந்தது. அதில் என்னை அமர்த்தி, மடியில் கம்பளி போர்த்தி, கையில் இஞ்சித் தேநீர் கொடுத்தார்கள். தர்ஷினியின் அண்ணி சுமதி, தட்டுக்கூட நான் நகர்த்தாமல் பார்த்துக்கொண்டாள். எழ முயன்ற போதெல்லாம், "என்னா வேணும்? சொல்லுங்க, எடுத்துத் தாறேன்" என்று எழுந்தாள். எழுவதே எனக்கு வேண்டியது என்பதை எப்படிச் சொல்வது? தர்ஷினி பந்தை எடுத்துக்கொண்டு லயத்தின் மறுமுனைக்குப் போய்விட்டாள். அவர்களுடைய அன்பின் வெப்பத்தில் நான் மணிக்கணக்காக அமர்ந்திருந்து, படுக்கப் போகும் நேரத்தில் நாற்காலியின் வடிவத்திலேயே இறுகியிருந்தேன்.

ஜனவரி 19, ஞாயிறு. விடியுமுன்னே விழித்துவிட்டேன். முழங்கால்கள் மரம்போல இருந்தன. இந்த நிலையில் ஆட்டம் எங்கே? முதலில் உடலை இளக்க வேண்டும். சத்தமின்றிக் கதவைத் திறந்து, லயத்து வாசலில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தேன். பனி புல்லின்மேல் வெள்ளையாக இருந்தது. திரும்பி நடந்தேன்.

ஒரு கதவு பாதி திறந்தது. "கக்கூசு அந்தக் கோடியில இருக்கும்மா. வலப்பக்கம்."

நன்றி கூறினேன். கூறிவிட்டதால், போய்விட்டும் வந்தேன். மீண்டும் நடை.

இரண்டாம் கதவு. "என்னா புள்ள, இன்னும் சரியாவலியா?"

மூன்றாம் சுற்றில் பாக்கியம் அம்மா கோப்பையுடன் ஓடிவந்தார். ஓமத் தண்ணீர். "நேத்து ராத்திரி சம்பல்ல ஒறப்பு கூடிப்போச்சு போல. நான் அப்பவே சுமதிகிட்டச் சொன்னேன்." அதற்குள் மேலும் மூன்று வாசல்களில் ஆட்கள் நின்றனர். என் வயிற்றைப் பற்றிய அக்கறை லயம் முழுவதும் பரவிவிட்டது. ஓமத் தண்ணீரைக் குடித்து முடித்தேன், மறுக்கத் தெரியவில்லை. காலிக் கோப்பையைக் கொடுத்தபோதுதான், இப்போதும் பேசாவிட்டால் பகல் முழுதும் அதே நாற்காலியில் இருந்துகொண்டு ஆட்டத்தின் சத்தத்தை மட்டும் கேட்பேன் என்பது உறைத்தது.

"அம்மா, எனக்கு வயித்தில ஒண்டும் இல்ல. ஒரே இடத்தில இருந்தா மூட்டு இறுகுது. நடந்தாத்தான் விடும்."

பாக்கியம் அம்மா தலையில் கை வைத்தார். "அட கடவுளே! நேத்தே சொல்றதுக்கென்னா? முடியாத புள்ளைன்னு நாங்க பொம்மையாட்டம் ஒக்கார வச்சுட்டோமே!"

சுமதி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்ப இது நம்ம கொழுந்து லொறி கேஸு அத்தே. பனி நேரத்துல தள்ளிவிட்டாத்தான் ஸ்டார்ட் ஆவும். ஆயிருச்சுன்னா மலையே ஏறிரும்."

லயம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஒரே விநாடியில் எனக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது, நாற்காலி போய்விட்டது.

விரல்களை வெந்நீரில் ஊறவைத்து இளக்கியபின், கோடு போடும் வேலைக்குச் சுமதியுடன் மைதானத்துக்கு ஏறினேன். பொங்கலுக்குச் சுவர் அடித்து மிஞ்சிய சுண்ணாம்பு ஒரு வாளியில். நீர்க்குழாயை நட்டு, பழைய வாளியின் விளிம்பு வளையத்தை அதில் பற்றவைத்து இரண்டு கோல் கம்பங்கள். சுற்றிலும் தேயிலை, நடுவே, மலையில் யாரோ கையால் தட்டிச் சமன்செய்தது போல ஒரு சிறு தரை. நீளம் முப்பது மீற்றர் இருக்க வேண்டும். சுமதி எட்டுவைத்து அளந்து இருபத்தைந்தில் நிறுத்தினாள். கோல் கம்பத்தைச் சுற்றிய அரைவட்டமும் சிறியது.

"அண்ணி, வட்டம் இன்னும் பெரிசா வரவேணும். கம்பத்திலயிருந்து ஐஞ்சு மீற்றருக்குக் கொஞ்சம் குறைய." சொல்லிவிட்டேன். பிழையான வட்டத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது.

சுண்ணாம்பு வாளியோடு அவள் நிமிர்ந்தாள். "ஆடுனவளா நீ?"

"பள்ளிக்கூடத்தில."

"எந்த எடம்?"

"சென்டர்."

சுமதி மருமகள்கள் அணியின் தலைவி. அவர்களில் ஒருத்தி பொங்கலுக்கென்று தாய்வீட்டுக்கு இறம்பொடை போய்விட்டாள். வனிதா என்பவளுக்குக் கைக்குழந்தை. பிள்ளையைப் பிறர் கையில் கொடுக்க மாட்டாள். ஆகவே ஆறு பேர். வேண்டியது ஏழு. சுமதி என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் கணக்கு முழுவதும் இருந்தது.

ஒன்பதரை மணிக்கு மைதானத்தில் பெரும் வழக்கு நடந்தது. தர்ஷினிக்குக் கோபம் மூக்கின்மேல்.

"அவ என் கூட்டாளி. வர்றதுன்னா எங்க பக்கம் வரட்டும்."

"இந்த மண்ணுல பொறந்தாளா?" என்றாள் சுமதி.

"இல்ல."

"அப்ப மகள் இல்ல. வெளியூர்லருந்து பையோட வந்தாளா? வந்தா. அப்ப மருமகதான்."

"எந்த வீட்டு மருமக?" என்று, வேடிக்கை பார்க்க மேட்டில் கூடியிருந்தவர்களிடமிருந்து ஒரு குரல். எங்களில் எவரும் பதில் சொல்லுமுன் மூன்று வீடுகள் என்மேல் உரிமை கோரின. காது எரிய நின்றேன்.

தர்ஷினி என்னை ஒதுக்கமாக இழுத்தாள். இப்போது அவள் விளையாட்டாகப் பேசவில்லை. "காலைல கதவத் தெறக்கக்கூட ஒனக்கு வெரலு மடங்காது. நான் தெனம் பாக்குறேன். ஏதாச்சும் ஆச்சுன்னா ஒங்கம்மாவுக்கு நான் என்னா பதில் சொல்றது?"

சுமதியும் இறங்கி வந்தாள். "கோல் கீப்பரா நிக்கட்டும்டி. உசரமா இருக்கா. சும்மா நின்னாப் போதும்."

"நிற்கிறதுதான் கஷ்டம், அண்ணி. ஓட விடுங்கோ" என்றேன். பிறகு தர்ஷினியிடம், "இண்டைக்கு எந்த மூட்டும் வீங்கயில்ல. தொட்டுப் பார். வலிச்சா நானே வெளிய வருவன். நீ சொல்லத் தேவையில்ல" என்றேன். அவள் உண்மையிலேயே குனிந்து என் முழங்கால்களையும் கணுக்கால்களையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து தன் அணிப் பக்கம் போனாள்.

நடுவர் முரளி. தர்ஷினியின் அண்ணன், சுமதியின் கணவர். ஒருபுறம் தங்கை, மறுபுறம் மனைவி. இதைவிட நடுநிலையான ஆள் தோட்டத்தில் இல்லை என்பது அனைவரும் ஏற்ற முடிவு. அவர் விசில் ஊதினார். சென்டராக நடுவில் நின்ற என் கையில் பந்து இருந்தது.

அதன்பின் நடந்தவற்றை ஒழுங்காக எழுத முயல்கிறேன். நினைவோ ஒழுங்காக இல்லை. முதல் பந்தைச் சுமதிக்கு வீசினேன், ஓடினேன், திரும்ப வாங்கினேன், வீசினேன். கால்களுக்கு எல்லாம் நினைவிருந்தது. குளிர்ந்த காற்று தொண்டையை அறுத்தது, அது இனித்தது. பறித்துப் பழகிய கைகள் பந்தைக் கண் இமைக்குமுன் கொய்துவிடும். மலையில் ஏறிப் பழகிய கால்களுக்கு இந்தச் சமதளம் ஒரு பொருட்டே அன்று. அவர்களுக்கு ஈடுகொடுத்து நான் ஓடினேன். ஓடிக்கொண்டே, ஓடுகிறேன் என்பதை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

"லொறி வருது, வழி விடுங்கடி!"

"தள்ளாமலே ஓடுதே!"

முரளி மனைவியின் தவறுக்கு விசில் ஊதினார். மேட்டிலிருந்து, "ராத்திரி சோறு வேணுமா வேணாமா? யோசிச்சு ஊதுப்பா!" அடுத்த விசில் தங்கைக்கு. "பொண்டாட்டிதாசன்!" என்று மகள்கள் பக்கம் கூவியது. அவர் விசிலை வாயிலிருந்து எடுத்து வானத்தைப் பார்த்தார்.

பதினைந்து நிமிடப் பாதிகள் இரண்டு. இடைவேளையில் மகள்கள் ஆறு, நாங்கள் ஐந்து. இரண்டாம் பாதியில் எட்டுக்கு எட்டு. ஐந்து நிமிடம் மிச்சம். அப்போது உயரப் பந்தொன்றைப் பிடித்தபோது வலது மணிக்கட்டுக்குள் ஏதோ சுளீரென்றது. வீசினேன். மறுபடி பிடித்தபோது அதே இடம், இம்முறை சூட்டோடு.

எனக்குத் தெரிந்த வலி இது. இன்னும் ஐந்து நிமிடம் ஆடலாம், யாரும் அறியமாட்டார்கள். என் உடம்பு முழுவதும் ஆடு என்றது, அந்த ஓர் இடத்தைத் தவிர. எதிரே தர்ஷினி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். இன்று இதை மீறினால், ஆடலாம் என்ற அனுமதியையே நான் இழப்பேன். கையை உயர்த்தினேன்.

முரளி விசில் ஊதினார். கோட்டுக்கு வெளியே வந்தபோது கண் கலங்கியது, வலியால் அல்ல. மேட்டில் வனிதா பிள்ளையுடன் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள், களத்தைப் பார்த்தாள். சட்டென்று இறங்கி வந்து, "புடிங்க" என்றாள். மறுவிநாடி அவள் குழந்தை என்னிடம், அவள் களத்துக்குள். யார் கையிலும் கொடுக்காத பிள்ளை. மணிக்கட்டில் பாரம் விழாதபடி முழங்கை மடிப்பில் அவனைத் தாங்கிக்கொண்டு, கோட்டின் ஓரமாக ஆட்டத்தோடு மேலும் கீழும் நடந்தேன். வகுப்பில் வருகைக்குக் குரல் கொடுக்கவே கூசுகிற நான், "வனிதா! இடப்பக்கம்! சுமதியண்ணிக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். குழந்தை என் வாயை வியப்போடு பார்த்தான். சுமதி வளையத்துக்குள் பந்தை இறக்கினாள். ஒன்பதுக்கு எட்டு. விசில்.

வென்ற அணிக்கு அங்கே கோப்பை கிடையாது. ஏழு வீடுகளிலிருந்து ஏழு நாற்காலிகள் வரும். வென்றவர்கள் மாலைவரை அமர்ந்திருப்பார்கள். தோற்றவர்கள் சமைத்து, பரிமாறி, பாத்திரம் துலக்குவார்கள். பரிசு அவ்வளவுதான். விடியலில் அடுப்பு, பகலெல்லாம் கொழுந்து மலை, திரும்பினால் மீண்டும் அடுப்பு என்று இருக்கும் மருமகள்களுக்கு, ஆண்டில் ஒரு பகல் உட்காருவது. சுமதி கால்மேல் கால் போட்டு, "தர்ஷினி, தேத்தண்ணில சீனி பத்தல" என்று மூன்றாம் முறையாகக் கோப்பையைத் திருப்பி அனுப்பினாள். வனிதா பிள்ளையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு நாற்காலியிலேயே உறங்கிப்போனாள். எட்டாவது நாற்காலி அவளுக்காக ஓடோடி வந்திருந்தது.

எனக்கும் ஒன்று. அமர்ந்தேன். சிறிது நேரத்தில் எழுந்து ஒரு சுற்று நடந்தேன்.

"அடி லொறி, ஒக்காரு! வருசத்துல ஒரு நாளு!" என்று சுமதி அதட்டினாள்.

உட்கார்ந்தேன், எழுந்தேன். எனக்கு மருந்தாக இருப்பது அவர்களுக்கு வேலையாக இருக்கிறது. அவர்கள் ஏங்கும் ஓய்வு எனக்குப் பகையாக இருக்கிறது. அந்த வரிசையில் அமர்ந்து, எழுந்து, அமர்ந்து, இதற்கு ஒரு பொருத்தமான வாக்கியம் தேடினேன், கிடைக்கவில்லை. கோழிக்கறியோடு சோறு வந்தது. தர்ஷினி பரிமாறும்போது என் வலது கையைப் புரட்டிப் பார்த்தாள். ஆட்டம் முடிந்து ஒன்றரை மணி நேரம். மணிக்கட்டு ஆறியிருந்தது. "நாளைக்குக் காலைல பாப்போம்" என்று மட்டும் சொல்லி, எனக்குத் தொடைக்கறி வைத்தாள்.

ஜனவரி 20, திங்கள், காலை ஆறு மணி. விழித்தேன். விரல்கள் வழக்கம்போல விறைத்திருந்தன. பாக்கியம் அம்மா கொண்டுவந்து வைத்த வெந்நீரில், பாயிலிருந்தபடியே அமிழ்த்தினேன். வழக்கமான நேரத்திலேயே விட்டன, நீளவில்லை. பெருமூச்சோடு பாயிலிருந்து எழ முயன்றபோது கால்களில் வலி பிடித்து இழுத்தது. அப்படியே நின்றுவிட்டேன். பதறி முழங்காலைத் தொட்டேன்: குளிர்ச்சியாக, வீக்கமின்றி இருந்தது. கணுக்காலும் அப்படியே. கையை மேலே கொண்டுபோனேன். மூட்டில் அல்ல; தசையில்.

கதவைத் திறந்தேன். வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் பெண்கள் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். சுமதி கூடையுடன் படிகளில் நண்டுபோலப் பக்கவாட்டில் இறங்கினாள். வனிதா சுவரைப் பிடித்தபடி முனகினாள். தர்ஷினி வாசற்படியில் உட்கார்ந்து, எழுவதற்கு யாராவது கை கொடுக்கும்படி லயம் முழுவதையும் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு எங்க புள்ள புடிச்சிருக்கு?" என்று சுமதி கேட்டாள்.

"தொடையில."

"எனக்குந்தான். எல்லாருக்குந்தான். வா."

இடது கையைக் கொடுத்துத் தர்ஷினியைத் தூக்கிவிட்டேன். பிறகு சப்பாத்தை மாட்டிக்கொண்டு, நொண்டி நொண்டிச் சிரிக்கிற அந்த வரிசையின் கடைசியில் நானும் நொண்டிக்கொண்டு பெரட்டுவரை மேலேறினேன்.